கலங்கிய நினைவும் காக்கும் கடமையும்

நம் கடற்கரை ஊர்களில் குடும்பத்தின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டதைக் காட்டிலும் மூதாட்டியரின் நெஞ்சில் எழுதப்பட்டதே அதிகம். எந்த வீட்டு மகன் எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார், கொழும்பில் யாருடைய கடையில் யார் பங்கு வைத்திருந்தார், எந்தத் தோட்டம் யாருக்கு எழுதி வைக்கப்பட்டது, எந்தக் குழந்தை எந்தத் தாயிடம் பால் குடித்தது என்பனவற்றையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒரு பெண்மணி ஒவ்வொரு பெரிய வீட்டிலும் இருந்தார். இவற்றுள் சில வெறும் பழங்கதைகள் அல்ல. ஹலால், ஹராம் என்னும் எல்லைகளையே தீர்மானிக்கும் செய்திகள். அத்தகைய நெஞ்சில் மறதி நோய் புகுமானால் இழப்பு ஒருவருடையது மட்டுமன்று. வீடு முழுவதற்கும் உரியது.

காயல்பட்டினத்தில் பெண் தன் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே எம் உம்மும்மா, அதாவது எம் தாயைப் பெற்றவர், பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, மணந்து, மூத்து, அந்த வீட்டிலேயே 2022ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். அவருடைய இறுதி ஒன்பது ஆண்டுகள் அல்சைமர் நோயோடு கழிந்தன. அந்த ஆண்டுகளில் நாங்கள் கற்றவற்றையும், கற்கத் தவறி வருந்தியவற்றையும், நம் முன்னோரான அறிஞர்கள் இத்தகைய நிலையைப் பற்றி எவ்வாறு சிந்தித்தார்கள் என்பதையும் இணைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்கு மனிதன் திருப்பப்படும் தளர்ந்த முதுமையைப் பற்றித் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் (16:70, 22:5) குறிப்பிடுகின்றது. அத்தகைய முதுமையிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடியதை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. எனவே இந்நிலை மனித குலத்துக்குப் புதியதன்று. அதற்கு ஒரு நோயென்னும் பெயர் கிடைத்ததுதான் அண்மைக் காலத்தது.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் அகஸ்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடும் அப்பெண்மணி, தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகச் சொன்னதாக மருத்துவரின் குறிப்புகள் கூறுகின்றன. 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்புச் செல்களுக்கு வெளியே படிந்த படிவுகளையும் செல்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரக் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்லின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அப்படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தாலும், இழைகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது பின்னர் தெரியவந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோய்களுடன் வாழ்ந்தனர். அவற்றுள் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் வகையைச் சார்ந்தது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இத்தகைய நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்களை விடப் பெண்களிடமே இது மிகுதி எனவும் அவ்வாய்வு கண்டது.

நோய் முதலில் பெரிதும் தாக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ் எனப்படும். கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்ற அச்சிறு பகுதியே புதிய நிகழ்ச்சிகளை நினைவாக மாற்றித் தருவது. அது பழுதுபடுவதால்தான் காலையில் உண்டது மறந்துபோகின்றது; அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமண நாள் நினைவில் நிற்கின்றது. கைகால்கள் பழகிய செயல்களின் நினைவும் நெடுநாள் மனனம் செய்தவையும் பின்னும் பிந்தியே மறைகின்றன. ஆகவே, பழையதெல்லாம் தெளிவாகச் சொல்கிறாரே, இவருக்கு என்ன நோய் என்று நாம் ஏமாந்துபோகிறோம். எம் வீட்டிலும் ஓராண்டு காலம் அப்படியே ஏமாந்தோம். குழம்புக்கு இருமுறை உப்பிட்டதையும், பிறந்தது முதல் நடந்து பழகிய முடுக்கில் அடுத்த வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றதையும் மூப்பு என்றே எண்ணினோம்.

இவ்வாறு எண்ணுவதில் ஓர் ஆபத்து உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பிக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியனவும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பலவற்றைச் சீர்ப்படுத்த இயலும். எனவே மருத்துவரிடம் காட்டாமல் மூப்பின் மீது பழி போடுதல் கூடாது. அல்சைமர் என்று உறுதியானால் டொனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும். 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெகனெமாப், டொனானெமாப் என்பன தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பவையே, குணப்படுத்துபவை அல்ல. ஆகவே இந்நோயில் பெரும்பகுதி மருத்துவம் வீட்டாரின் கையில்தான் இருக்கின்றது.

முன்னோர் கண்ட 'இக்திலாத்'

மறதி நோயை மருத்துவர்கள் பெயரிட்டு வகைப்படுத்துவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை வேறொரு கோணத்திலிருந்து நுணுகி ஆராய்ந்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். நபிமொழியை அறிவிப்பவர் நேர்மையாளராக இருந்தால் மட்டும் போதாது; நினைவாற்றலும் திண்மையாக இருத்தல் வேண்டும் என்பது அக்கலையின் விதி. அவ்வாறிருக்க, வாழ்நாள் முழுதும் நம்பிக்கைக்குரியவராக விளங்கிய ஒருவர் முதுமையில் நினைவு கலங்கினால் என் செய்வது? இந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'இக்திலாத்'. கலத்தல், ஒன்றோடொன்று மயங்குதல் என்பது இச்சொல்லின் பொருள். மறத்தல் என்னாது கலத்தல் என்று அவர்கள் பெயரிட்டது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இப்னு ஸலாஹ் (இறப்பு ஹிஜ்ரி 643, கி.பி. 1245) தம் புகழ்பெற்ற 'முகத்திமா'வில் ஹதீஸ் கலையை 65 வகைகளாகப் பகுத்து, 62ஆம் வகையை இத்தகைய அறிவிப்பாளர்களுக்கே ஒதுக்கினார். ஸலாஹுத்தீன் அலாயீ (இறப்பு ஹிஜ்ரி 761), அலெப்போவைச் சேர்ந்த ஸிப்த் இப்னுல் அஜமீ (இறப்பு ஹிஜ்ரி 841) ஆகியோர் இப்பொருளில் தனி நூல்களே இயற்றினர். அவர்கள் வகுத்த நெறி எளியது: கலக்கத்துக்கு முன் ஒருவரிடம் கேட்கப்பட்டது ஏற்கப்படும், பின் கேட்கப்பட்டதும், எப்போது கேட்கப்பட்டது என்று தெரியாததும் ஏற்கப்படா. கூஃபா நகரத்து அதா இப்னு ஸாயிப் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவரிடம் ஷுஃபாவும் சுஃப்யான் ஸவ்ரீயும் முன்னரே கேட்டவர்கள். ஆகவே அவர்கள் வழி வந்தவை ஏற்கப்பட்டன. ஜரீர் இப்னு அப்துல் ஹமீத் பின்னர் கேட்டவர். அவர் வழி வந்தவை அந்நிலையை எட்டவில்லை.

இங்கு நாம் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கலக்கம் வந்ததால் அப்பெரியாரின் முந்தைய தகுதி பறிக்கப்படவில்லை. நம்பிக்கைக்குரியவர் என்னும் பட்டம் அவரோடேயே இருந்தது. இரண்டாவது, பஸ்ராவைச் சேர்ந்த ஜரீர் இப்னு ஹாஸிம் என்பாரைப் பற்றியது. அவருக்கு நினைவு கலங்கியதை ஹதீஸ் கற்ற அவருடைய மக்கள் உடனே உணர்ந்தனர். பிறர் அவரிடம் அறிவிப்புக் கேளாதவாறு தடுத்துக் காத்தனர். ஆகவே கலக்கத்தின்போது அவரிடம் ஒருவரும் ஏதும் கேட்கவில்லை என்று அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ குறிப்பிட்டுள்ளார். அம்மக்கள் காத்தது இரண்டு: அறிவின் தூய்மை ஒன்று, தந்தையின் மதிப்பு மற்றொன்று. நோயுற்ற பெரியவரைப் பேணும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்விரண்டும் ஒருசேரக் கடமையாகின்றன என்பதே நம் கருத்து.

ஒரு திருமணப் பேச்சும் ஓர் ஐயமும்

இந்நெறி எட்டாத் தொலைவிலுள்ள நூலறிவன்று என்பதை எம் வீட்டு நிகழ்ச்சியொன்று எமக்கு உணர்த்தியது. 2017ஆம் ஆண்டு எம் சாச்சியின் இளைய மகளுக்குத் திருமணம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மாலையில், அவ்வீட்டின் பெயரைக் காதில் வாங்கிய உம்மும்மா திடுக்கிட்டு எழுந்து, "இந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பாலைக் குடிச்சவளாச்சே! காக்காவுக்கும் தங்கச்சிக்குமா கலியாணம் பேசுறீங்க?" என்று கேட்டார். வீடு உறைந்துபோயிற்று.

பால்குடி உறவு இரத்த உறவைப் போன்றே திருமணத்தைத் தடை செய்வது. மாப்பிள்ளையின் தாயார் உயிருடன் இல்லை. சாச்சியோ இரண்டு பேற்றிலும் கடுங்காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தவர். எந்தக் குழந்தையை யார் எடுத்துப் போய் அமர்த்தினார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் உம்மும்மா ஒருவரே. அவரோ நான்காண்டுகளாக நோயில் இருப்பவர். சிலர், கிழவியின் பிதற்றல், விட்டுத் தள்ளுங்கள் என்றனர். சிலர், பேச்சை உடனே முறித்துவிட வேண்டும் என்றனர். பெண்ணோ ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டார்.

நாங்கள் ஊரின் மூத்த ஆலிம் ஒருவரிடம் சென்றோம். ஒரு பெண் வந்து, கணவன் மனைவி இருவருக்கும் தான் பாலூட்டியதாகச் சொன்னபோது, உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களை மனைவியைப் பிரியுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த நிகழ்ச்சியை அவர் முதலில் நினைவூட்டினார். ஆகவே ஒரு மூதாட்டியின் சொல்லை எள்ளி ஒதுக்குவது முறையன்று என்றார். பிறகு ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை விளக்கினார். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள், தனித்தனியாக ஐந்து முறை பால் குடித்திருத்தல் வேண்டும்; அதனை நிறுவ ஆண்கள் இருவரோ, ஓர் ஆணும் இரு பெண்களுமோ, பெண்கள் நால்வரோ சாட்சியாக வேண்டும். அதன்பின் மூன்று கேள்விகளைக் கேட்டார். உம்மும்மா இதனை நோய்க்கு முன் எப்போதாவது சொன்னதுண்டா? அக்காலத்தில் உடனிருந்த பெண்கள் யாரேனும் இன்று இருக்கின்றனரா? இவள் பிறந்த ஆண்டில் அந்த வீட்டில் பால்குடிக் குழந்தை இருந்ததா?

அப்போதுதான் எம் மூத்த மாமாவின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. அவர் 2006ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் தம் உம்மாவின் அருகே அமர்ந்து, பொழுதுபோக்காக, குடும்பத்துப் பழைய செய்திகளைக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வரி இருந்தது: அந்த வீட்டில் பால் குடித்தவள் சாச்சியின் மூத்த மகள். முடுக்கின் மறுகோடியில் வாழ்ந்த இரு மூதாட்டியரும் அதனையே சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் 1991இல் கைக்குழந்தையுடன் இருந்தார் என்பதும், இளையவள் பிறந்த 1994இல் அவ்வீட்டில் பாலூட்டும் தாய் எவரும் இல்லை என்பதும் பிறப்புச் சான்றுகளால் தெளிவாயின. பால்குடித் தடை குடித்தவருக்கு உரியது. அவருடைய உடன்பிறந்தாருக்குப் பரவாது. திருமணம் நடந்தது.

உம்மும்மா சொன்னது பொய்யன்று. பாலூட்டல் நடந்தது; வீடும் அதே வீடுதான். இரு சகோதரியர் மட்டுமே அவர் நினைவில் ஒருவரோடொருவர் கலந்துவிட்டனர். 'இக்திலாத்' என்னும் சொல்லின் பொருத்தத்தை நாங்கள் அன்று உணர்ந்தோம். அக்குறிப்பேடு இல்லாதிருந்தால் அம்மூதாட்டியரின் காலத்துக்குப் பின் இவ்வையம் தீராமலே போயிருக்கும். அது போல மூத்த மாமா கேட்டெழுதாத எத்தனையோ செய்திகள் உம்மும்மாவோடு மறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திருத்துவதா, தேற்றுவதா?

நோயாளியோடு வாழ்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. 1988இல் மறைந்த தம் கணவரை உம்மும்மா மாலைதோறும் தேடுவார். தனுஷ்கோடிக்கு ரயிலில் போய் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிக் கொழும்பு சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர் எம் பாட்டனார். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்பும், "கப்பல் வந்திருச்சா?" என்று அவர் கேட்பார். தொடக்கத்தில் நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவர் மௌத்தாகிவிட்டார் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அச்செய்தியை அன்றுதான் முதலில் கேட்பவர் போல் அழுதார். சற்று நேரத்தில் மறந்து மீண்டும் கேட்டார். ஒரே மரணத்தை அவருக்கு நாங்கள் நாள்தோறும் அறிவித்தோம்.

ஆனால் பொய் சொல்லுதலும் நமக்கு ஆகாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை எம் உம்மா கண்டார். "வாப்பா நெனப்பு வந்துட்டா உம்மா? கொழும்பிலருந்து வரும்போது என்ன கொண்டு வருவாங்க?" என்று அவர் கேட்பார். உடனே உம்மும்மாவின் முகம் மலரும். பிட்டி வைத்த டின்னும் துணிச்சுருளும் வாசனைச் சோப்பும் பேச்சில் வரும். இதில் பொய்யில்லை, வலியுமில்லை. நோயாளியின் கேள்விக்கு அன்று, கேள்விக்குப் பின்னிருக்கும் ஏக்கத்துக்கு விடை சொல்லுதலே இந்நோயில் பேச்சின் இலக்கணம் என்பதை அதன் பின்னரே அறிந்தோம். மாலையில் கலக்கம் மிகுவது இந்நோயின் இயல்பு. விளக்கை முன்னதாகவே ஏற்றி, வந்துபோவோரின் சந்தடியைக் குறைத்தால் அது ஓரளவு தணியும்.

இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாட்டனார் கொண்டு வந்த நீலக்கல் மோதிரம் ஒருநாள் காணாமற்போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி எடுத்துவிட்டதாக உம்மும்மா உறுதியாகச் சொன்னார். நாங்கள் அதை நம்பி அப்பெண்மணியிடம் கடுமையாகப் பேசினோம். நான்காம் நாள் மோதிரம் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. பொருளை ஒளித்து வைத்து, வைத்ததை மறந்து, திருட்டுப் போனதென்று நம்புதல் இந்நோயில் மிகப் பொதுவானது. அதனை அறியாத எம் அறியாமையால் குற்றமற்ற ஒருவரின் மானம் புண்பட்டது. அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். கலக்கமுற்றவரின் சொல்லை வைத்து எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்பதும் 'இக்திலாத்' தரும் பாடமே.

வணக்கமும் வழக்கமும்

அஸர் தொழுகையை ஒரே நாளில் மூன்று முறை தொழுதவரை நாங்கள் முதலில் தடுத்தோம். உளூவின் வரிசை அவர் கைகளுக்கு நன்கு நினைவிருந்தது. ரக்அத்தின் எண்ணிக்கைதான் நினைவில்லை. கடமை என்பது அறிவோடு பிணைந்தது; அறிவு நீங்கியவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது மார்க்கத்தின் தெளிவான நிலைப்பாடு என்று ஆலிம் விளக்கியபின் தடுப்பதை விட்டோம். அவருக்கு இனித் தொழுகை கணக்கன்று, ஆறுதல். முஸல்லாவை விரித்து வைத்து, விழாமல் பார்த்துக்கொள்வதே எம் வேலையாயிற்று. மக்களின் பெயர்களை மறந்த பின்னும் பாத்திஹா அவர் நாவில் நின்றது. சிறு வயதில் மனனம் செய்த பைத்துகளை ஒருவர் எடுத்துக்கொடுத்தால் அவர் தொடர்ந்து ஓதினார்.

நினைவைக் காக்கும் நெறிகள்

நோய் வெளிப்பட்ட பின் குடும்பத்தார் பலரும் ஒரு தவறைச் செய்கிறார்கள். பெரியவரின் எதிரே அமர்ந்து, நான் யார், இது யார், நேற்று வந்தவர் யார் என்று தேர்வு வைக்கிறார்கள். விடை தெரியாது திகைக்கும் அவர் நாணிக் குறுகுகிறார். நினைவை இவ்வாறு பிடுங்கி எடுத்தல் இயலாது. பழைய வெற்றிலைப் பெட்டியையோ, திருமணத் துணியையோ, ஒரு புகைப்படத்தையோ கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உடனிருந்தால் சொல் தானே வரும், வராவிடினும் குறையில்லை.

சொல்லப்படுவதை எழுதும்போது ஹதீஸ் கலையாளரின் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். சொன்னவர் யார், கேட்டவர் யார், கேட்ட நாள் எது, சொன்னவர் தாமே கண்டதா அல்லது பிறரிடம் கேட்டதா என்ற நான்கையும் ஒவ்வொரு செய்தியோடும் குறித்தல் நன்று. நோய்க்கு முந்தியதற்கும் பிந்தியதற்கும் தனித்தனி ஏடு இருக்கட்டும். பிந்தியதைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. நடந்தது என்ன என்பதற்கு அது சான்றாகாவிட்டாலும், அவர் நெஞ்சுக்கு நெருங்கியது எது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

எம் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. அவை அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தமிழ் ஒலிகளை எழுதும் இம்முறை நம் பெண்களின் கல்விக்கு நெடுங்காலம் வாயிலாக இருந்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி' போன்ற மார்க்கச் சட்ட நூல்களை நம் பெண்கள் இவ்வெழுத்திலேயே படித்தார்கள். கணவர் கடல் கடந்திருக்க, தமிழ் எழுத்து அறியாத மனைவிக்கும் ஓதக் கற்ற அவ்வெழுத்தே அஞ்சல் மொழியாயிற்று. எம் தலைமுறையில் எவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை.

2018இல் ஒருநாள் அக்கடிதங்களுள் ஒன்றை உம்மும்மாவிடம் கொடுத்தோம். அவர் தடங்கலின்றி உரக்க வாசித்தார். பொருளுணரும் ஆற்றல் குன்றிய பின்னும் வாய்விட்டு வாசிக்கும் ஆற்றல் சில காலம் எஞ்சியிருப்பதை மருத்துவரும் அறிவர். நாங்கள் ஒலிப்பதிவு செய்துகொண்டோம். கொழும்பின் மழை, கடை வாடகை, பிள்ளையின் சளிக்குக் கொடுக்க வேண்டிய கஷாயம், பெருநாளைக்கு வர இயலாத வருத்தம் எல்லாம் அதில் இருந்தன. வாசித்து முடித்தவர் கடிதத்தை மடித்து, "யாரோ நல்ல மனுஷர், பொஞ்சாதி மேல எவ்வளவு பிரியம்!" என்றார். அது அவருடைய கணவர் எழுதியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆமாம், நல்ல மனிதர் என்று மட்டும் சொன்னோம். இவ்வாறு பதினேழு கடிதங்களை அவர் குரலிலேயே கேட்டுத் தமிழ் எழுத்தில் பெயர்த்தோம். எஞ்சியவற்றைப் படிக்க எம் தங்கையர் இருவர் பின்னர் அரபுத்தமிழ் கற்றனர்.

இத்தகைய தாள்களை லேமினேட் செய்வதும், ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும் அவற்றைக் கெடுக்கும். படியெடுத்துக்கொண்டு மூலத்தை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தலே முறை. புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கலாம்.

மற்றொன்றும் இன்றியமையாதது. கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கும் இக்காலத்தில் கலங்கிய பெரியவரின் பேச்சைப் படம்பிடித்து உறவினர் குழுக்களுக்கு அனுப்பிச் சிரிக்கும் வழக்கம் பரவியுள்ளது. நலமாக இருந்த நாளில் தலைமுக்காடு விலகாது வாழ்ந்த பெண்மணி, தாம் அறியாமலே பலர் கண்ணுக்குக் காட்சியாகிறார். ஜரீர் இப்னு ஹாஸிமின் மக்கள் செய்ததை நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. அவர் நலமாயிருந்தால் எதைக் காட்ட இசைந்திருப்பாரோ அதை மட்டுமே காட்டுதல் அமானிதத்தைப் பேணுதலாகும். சொத்து ஆவணங்களில் அவர் கைநாட்டு வாங்குவதும் அவ்வாறே. தெளிந்த அறிவில்லாதவர் செய்யும் ஒப்பந்தம் ஷரீஅத்திலும் செல்லாது, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் செல்லாது. கொடுக்கல் வாங்கல்களையும் வஸிய்யத்தையும் நோயின் தொடக்கத்தில், அறிவு தெளிந்திருக்கும்போதே, சாட்சிகளோடு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

பேணுவோரைப் பேணுதல்

பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியையும் காட்டலாகாது என்னும் கட்டளையை (17:23) நாம் மேடைகளில் பலமுறை கேட்கிறோம். ஆனால் இரவில் ஆறு முறை எழுந்து, அழுக்கை மாற்றி, அதே கேள்விக்கு நாற்பதாம் முறை விடை சொல்பவள் ஒரே ஒரு மகளாக இருக்கும் வீட்டில், அக்கட்டளையின் சுமை முழுவதையும் அவள் மீது ஏற்றிவிட்டு மற்றவர்கள் அறிவுரை கூறுதல் நீதியாகாது. எம் உம்மா ஐந்தாம் ஆண்டில் தாமே நோயில் விழுந்த பின்தான் எம் மாமாமார் இரவுக் காவலைப் பங்கிட்டுக்கொண்டனர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடு மகனின் கடமை முடிவதில்லை. வாரத்தில் ஓர் இரவேனும் உறங்க விடுதல், பேணுபவருக்குச் செய்யும் பேருதவி. நடுவண் அரசின் 14567 என்னும் மூத்த குடிமக்கள் உதவி எண்ணும், பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் துணையற்றோருக்கு ஓரளவு கைகொடுக்கும். முடுக்குகளில் வாழும் அண்டை வீட்டாரிடம் நோயை மறைக்காமல் சொல்லிவைத்தல் மிகுந்த பயன் தரும். வழி தவறி நின்ற உம்மும்மாவை மூன்று முறை கைப்பிடித்து வீடு சேர்த்தவர்கள் அவர்களே.

உம்மும்மா எம்மை மறந்தார். எம் உம்மாவைத் தம் தாயென்று எண்ணி, "உம்மா" என்றே இறுதிவரை அழைத்தார். அதைக் கேட்டு முதலில் அழுத எம் உம்மா, பின்னர் அவ்வழைப்புக்கு மறுமொழி தரப் பழகிக்கொண்டார். அவர் நினைவில் வைத்திருந்த வரையில் குடும்பத்தை அவர் சுமந்தார். அவருக்கு அது இயலாதபோது அவரைச் சுமப்பதும், அவர் யாரென்பதை நினைவில் வைத்திருப்பதும் எம் முறையாயின. இன்று நலமாக இருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உள்ளனர். இந்த வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அவர்கள் அருகே ஒரு குறிப்பேட்டோடு அமர நமக்கு எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!